குயர் பாத்திரங்கள் உள்ள அறிபுனையும் மிகுபுனைவும்: வன்னியிலிருந்து எந்த வழியால் தேடுவது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு, குயர் மனிதர்கள் (ஒருபாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) வரும் அறிவியல் புனைகதையோ மிகுபுனைவோ வாசிக்க விரும்பும் ஒருவருக்கு இன்று பல வழிகள் உண்டு. விருதுப் பட்டியல்கள், வாசகர் தளங்கள், ரசிகர் புனைவு, இலவச இணைய இதழ்கள், அச்சுப் புத்தகம். எது நல்லது என்று ரொறன்ரோவில் இருப்பவர் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும். இங்கே ரீலோட் போட்டுப் பாவிக்கும் டேட்டா, பள்ளிக்கூடத்தில் படித்த அளவு ஆங்கிலம், வீட்டுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும் போன் எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலானோர் முதலில் போவது விருதுப் பட்டியலுக்கு. குயர் நூல்களுக்கான லாம்ப்டா இலக்கிய விருது 1989 முதல் கொடுக்கப்படுகிறது. ஊகப் புனைவுக்கு, அதாவது அறிபுனை, மிகுபுனைவு போன்றவற்றுக்கு, அதில் தனிப் பிரிவு இருக்கிறது. 1991இல் டிப்ட்ரீ பெயரில் தொடங்கி 2019இல் அதர்வைஸ் என்று பெயர் மாறிய விருது, பாலினம் பற்றிய நம் எண்ணத்தை விரிக்கும் கதைகளுக்கு உரியது. தரத்தைப் பற்றி இரண்டிலும் கவலை வேண்டாம். ஆனால் அதர்வைஸ் பட்டியலில் இருப்பதாலேயே, காதலிக்கும் இரண்டு பெண்களோ ஒரு திருநம்பியோ கதைக்குள் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாலினத்தை ஒரு சிந்தனைச் சோதனையாக மட்டும் வைத்து எழுதிய நூலும் அங்கே இடம்பெறலாம்.

உதாரணமாக, உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹான்ட் ஒஃப் டார்க்னஸ்’ 1969இல் வந்தது; அறிபுனைக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் வென்றது. கெதென் என்ற பனிக்கிரகத்தில் யாருக்கும் நிலையான பால் இல்லை. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார்கள். மகத்தான நாவல். ஆனாலும், தன்னைப் போன்ற ஒருவரைக் கதையில் தேடும் பிள்ளைக்கு முதல் புத்தகமாக இதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. ஆங்கிலமும் கடினம், தொடக்கமும் மெதுவாகத்தான் நகரும்.

வாசகர் தளங்கள் இதற்கு நேர்மாறு. குட்ரீட்ஸிலும் ஸ்டோரிகிராஃபிலும் வாசகர்களே நூல்களுக்கு அடையாளச் சொல் போடுகிறார்கள், பட்டியல் தொகுக்கிறார்கள். நூறு பெயர் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆனால் நானூறு பக்க நாவலில் ஒரே ஒரு காட்சியில் வந்து சாகும் படைவீரனுக்காகவும் ‘குயர்’ என்று அடையாளம் போட்டிருப்பார்கள். அதனால் புள்ளிகளைப் பார்ப்பதை விட, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் குறிப்புகளைப் படியுங்கள். அந்தப் பாத்திரம் கதையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, கடைசியில் உயிரோடு இருக்கிறதா என்பதை அவர்கள்தான் ஒளிக்காமல் சொல்வார்கள்.

இதே தளங்களில், வன்னி வாசகருக்கு மற்ற எல்லாவற்றையும் விட உதவக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஸ்டோரிகிராஃபில் ஒவ்வொரு நூலுக்கும் உள்ளடக்க எச்சரிக்கைகள் உண்டு. போர், மரணம், வன்முறை என்று வாசகர்களே குறித்து வைக்கிறார்கள். விண்வெளிச் சாகசம் என்று நம்பித் திறக்கும் நூலில் குண்டுவீச்சும் முகாமும் முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்பது, 2009ஐ உடம்பில் சுமந்திருக்கும் ஒருவருக்குச் சின்ன விஷயம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, எந்த வழியால் நூலைக் கண்டுபிடித்தாலும் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிடச் சொல்வேன்.

ரசிகர் புனைவுக்கு ‘ஆர்கைவ் ஒஃப் அவர் ஓன்’ போதும். 2019இல் ஹியூகோ விருதே பெற்ற களஞ்சியம் அது. எல்லாம் இலவசம், கதையைக் கோப்பாக இறக்கி வைத்து டேட்டா இல்லாமலே படிக்கலாம். யார் யாரைக் காதலிக்கிறார்கள், முடிவு எப்படி, எந்த வயதினருக்கு உரியது என்று வடிகட்டித் தேடும் வசதியில் இதை வெல்ல எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலான கதைகள் வேறொருவர் படைத்த உலகத்தில் நடப்பவை. அந்தப் படத்தையோ தொடரையோ பார்க்காதவருக்குப் பாதி புரியாது.

என் தேர்வு இலவச இணைய இதழ்கள்தான். ஸ்ட்ரேஞ் ஹொரைசன்ஸ் 2000 முதலும் கிளார்க்ஸ்வேர்ல்ட் 2006 முதலும் வருகின்றன. லைட்ஸ்பீட் 2015 ஜூன் சிறப்பிதழைக் குயர் எழுத்தாளர்களுக்கென்றே ஒதுக்கியது. சிறுகதை என்பதால் ஒரே இருப்பில் முடித்துவிடலாம், டேட்டாவும் அதிகம் தின்னாது. ஆங்கிலம் இடறினாலும் பத்துப் பக்கத்துக்குப் பொறுத்துக்கொள்ள முடியும். கிளார்க்ஸ்வேர்ல்டில் கதைகளை வாசித்துக்காட்டும் ஒலிப்பதிவுகளும் உண்டு.

ஜோன் சூ எழுதி 2014இல் ஹியூகோ வென்ற ‘தி வோட்டர் தட் ஃபோல்ஸ் ஒன் யூ ஃப்ரொம் நோவெயர்’ கதையை எடுங்கள். பொய் சொல்பவர் மேல் எங்கிருந்தோ தண்ணீர் கொட்டும் ஓர் உலகம். அமெரிக்காவில் வாழும் சீனக் குடும்பத்து மகன் ஒருவன், தான் ஓர் ஆணைக் காதலிப்பதைத் தாய் தகப்பனிடம் சொல்ல வேண்டும். குறுக்கே நிற்பவள் அவனுடைய அக்கா. சமையலறைப் பேச்சு, வம்சம் பற்றிய கவலை, பெற்றவர்களிடம் தாய்மொழியில் இதை எப்படிச் சொல்வது என்ற தவிப்பு எல்லாம் நம் வீடுகளிலும் இருப்பவைதான். கதை முதலில் வந்த டோர் தளம் இப்போது ரியாக்டர் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே இலவசமாகவே படிக்கலாம்.

தமிழில் தேடினால்? குயர் எழுத்து என்றதும் முதலில் கைக்கு வருபவை தன்வரலாறுகள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ போன்றவை. மாயம் வேண்டும் என்றால் சிகண்டியிடமும் மோகினியிடமும்தான் போக வேண்டும். அந்தக் கதைகள் எனக்குப் பிடிக்கும். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஆண் பெண்வேடம் கட்டி ஆடுவதும் புதிதில்லை. ஆனால் சிகண்டி பழிவாங்கப் பிறந்தவர், மோகினி ஒரு வேலை முடிந்ததும் மறைபவள். காலையில் எழுந்து தேத்தண்ணி குடித்து, விரும்பியவரோடு சண்டை போட்டு, பிறகு கப்பலேறி வேற்றுக் கிரகம் போகும் ஒரு திருநங்கையை நான் தமிழில் வாசிக்க ஆசைப்படுகிறேன்.

அச்சுப் புத்தகம் சில ஆயிரம் ரூபா ஆகும். கொழும்பிலிருந்து கூரியரில் வர வேண்டும், அல்லது வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பெட்டியில் வர வேண்டும். அட்டையை வீட்டில் நாலு பேர் பார்ப்பார்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கும், இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவை வாசிப்பைப் பற்றியவை அல்ல என்றாலும், அந்தப் பயம் புத்தகத்தோடு சேர்ந்தே வீட்டுக்குள் வரும். போனில் படிப்பதிலும் கவனம் வேண்டும்: இறக்கிய கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள், உலாவியில் மறைநிலையைப் பாவியுங்கள்.

அச்சில் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால், கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’. 2023இல் வந்து நெபுலா வென்ற நாவல். நிழல் இல்லாதவன் ஃபெட்டர். தகப்பனைக் கொல்லவென்றே தாயால் வளர்க்கப்பட்டவன். அவனுக்கு ஒரு காதலன் இருக்கிறான், அது கதையில் எவருக்கும் அதிர்ச்சியாக இல்லை. இனக்கலவரமும் முகாம்களும் அதில் நிறைய வரும். அதனால் இணைய இதழ்களில் நாலைந்து சிறுகதை படித்து ஆங்கிலம் கொஞ்சம் பழகிய பிறகு, எச்சரிக்கைகளையும் பார்த்துவிட்டு இதை எடுங்கள்.