மனோராவின் சுவரும் அதைக் காண வருவோரும்

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனிலிருந்து பட்டுக்கோட்டைக்கு வந்திருந்த நான், இம்முறை ஒரு முழுப் பகலை, கடற்கரையில் நிற்கும் பழைய கோபுரமான மனோராவுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். பள்ளி நாள்களில் சோற்று மூட்டையுடன் பலமுறை போன இடம் அது. அப்போது எங்களுக்குக் கடலும் நிழலும் போதும். கோபுரத்தை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சரபேந்திரராஜன்பட்டினத்தை நெருங்கும்போதே தென்னைகளுக்கு மேலே அதன் தலை தெரிந்துவிடுகிறது. அம்மாவும், நாற்பது ஆண்டுகள் கொத்தனாராக வேலை பார்த்து ஓய்ந்த தாய்மாமாவும் உடன் வந்தார்கள். மாமா வந்ததால்தான் இந்தக் கட்டுரையே எழுத முடிந்தது.

ஆறு பட்டை வடிவில் எட்டு அடுக்குகளாக, ஏறத்தாழ 75 அடி உயரத்துக்கு எழும் இக்கோபுரத்தை 1814ஆம் ஆண்டு தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பினார். ‘மினார்’ என்ற சொல்தான் மக்கள் வாயில் மனோரா ஆயிற்று. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்த இக்கட்டடம் இருநூறு ஆண்டுகளாகக் கடற்காற்றை எதிர்கொண்டு நிற்கிறது; 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் சேதமும் அடைந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டதை நேரில் பார்த்தவர்களுக்கு, இது இன்னும் நிற்பதே பெரிய செய்தி.

சுற்றுமதிலின் ஒரு மூலையில் மாமா நின்றுவிட்டார். பழைய பூச்சுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சிமெண்டு ஒட்டு ஒன்று இருந்தது. விரல் முட்டியால் அதைத் தட்டினார். உள்ளே வெற்றிடம் இருப்பது ஓசையிலேயே தெரிந்தது. “தட்டிப் பாரு மாப்பிள்ளை, இது சுவரோட ஒட்டவே இல்லை” என்றார். ஒட்டின் விளிம்பில் உப்புப் பூத்து, வெள்ளைத் தூளாக விரலில் ஒட்டியது. அதை ஒட்டியிருந்த செங்கல்லை நகத்தால் தொட்டபோது, நனைந்த வெல்லத்தைப் போல அது உதிர்ந்தது. இரண்டடி தள்ளியிருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சோ, நிறம் மங்கிப் பாசி படிந்திருந்தாலும், கல்லைப் போல இறுகியிருந்தது.

காரணத்தை மாமா அங்கேயே விளக்கினார். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, பருத்து, செங்கல்லை உள்ளிருந்து பொடியாக்குகிறது. மேலே பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும் என்பது அவர் சொன்ன வார்த்தை. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றி அரைத்துப் பூசிய தலைமுறையின் கடைசி ஆள்களில் அவரும் ஒருவர். பழைய கட்டடத்தைச் செப்பனிட நினைக்கும் எவரும், ஒப்பந்தம் போடுவதற்கு முன் இப்படிப்பட்ட ஒருவரை அழைத்து அரை நாள் சுற்றிக் காட்டினால், செலவும் குறையும், சேதமும் குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து என்னை நிறுத்தியது கல்வெட்டு. பிரிட்டிஷ் அரசின் நண்பரும் கூட்டாளியுமான சரபோஜி மகாராஜா, பிரிட்டிஷ் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர்ந்து இத்தூணை எழுப்பினார் என்று அது கூறுகிறது, ஆண்டு 1814. எங்கள் ஊரில் எல்லோரும் இதை வாட்டர்லூ வெற்றியின் நினைவுச்சின்னம் என்றே சொல்வோம், நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூனில். கல்லில் இருப்பது, அதற்கு முந்தைய ஆண்டு நெப்போலியன் போனபார்ட் முதன்முறையாக முடி துறந்த செய்தி. 1799ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுத் தஞ்சைக் கோட்டையை மட்டும் கையில் வைத்திருந்த ஓர் அரசர், ஐரோப்பாவில் நடந்த ஒரு வீழ்ச்சிக்காகத் தம் கடற்கரையில் இதை எழுப்பினார் என்பதை அறிந்தபின் அதே கோபுரம் எனக்கு வேறாகத் தெரிந்தது. நான் போன அன்று இதை எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

லண்டனில் 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்கு நினைவாக எழுப்பப்பட்ட 202 அடி கல்தூண் ஒன்று உண்டு. அதை முழுமையாகச் செப்பனிட்டு 2009இல் மீண்டும் திறந்தார்கள். 311 படிகள் ஏறி இறங்குபவருக்கு ஒரு சான்றிதழ் தருகிறார்கள். என் மகள் அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதற்கு ஆகும் செலவு ஒரு தாள்தான். மனோராவில் மேல் அடுக்குகளுக்குச் செல்லும் வழி அன்று பூட்டியிருந்தது. படிகளின் நிலை கருதி அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் கதவில் ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால், பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞர்கள் தங்கள் பெயரைச் சுவரில் கீறிவிட்டுப் போயிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மற்ற வசதிகளில், வண்டி நிறுத்த இடத்துக்குக் குறையில்லை. கழிப்பறை பூட்டிக் கிடந்ததால், எழுபது வயதைக் கடந்த அம்மாவை மல்லிப்பட்டினம் வரை அழைத்துப் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. முதியவர்கள் உட்கார நிழலில் நான்கு இருக்கைகள், குடிநீர், திறந்திருக்கும் கழிப்பறை, தமிழில் தெளிவான ஒரு பலகை ஆகிய இவை போதும். கோபுரத்தின் மேல் வண்ண விளக்குகளுக்காகத் துளையிட வேண்டிய தேவையே இல்லை. முன்னால் விரியும் பாக் விரிகுடாவில் 2022ஆம் ஆண்டு கடற்பசுக்களுக்கென 448 சதுர கிலோமீட்டரில் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தேடி வருவோரும் இந்தக் கோபுரத்தடிக்கு வருவார்கள் என்பதால், வேலையைத் தள்ளிப்போட நேரமில்லை.

திரும்பியபின் அன்றிரவே, சுவரின் படங்களையும் மாமா சொன்ன கலவை முறையையும் நான்கு பக்கங்களில் எழுதி உரிய அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அழைத்தால் சம்பளம் வாங்காமல் வந்து கலவை போட்டுக் காட்டுவதாக, அதன் கடைசிப் பக்கத்தில் மாமா கையொப்பமிட்டிருக்கிறார்.