உட்கோணக் கூடுதலா, வெளிக்கோணத் தேற்றமா?

முக்கோணத்தில் தெரியாத கோணத்தைக் கண்டறியப் பெரும்பாலோர் முதலில் நாடுவது, மூன்று உட்கோணங்களின் கூடுதல் 180° என்னும் பண்பையே. இரு கோணங்கள் 47°, 62° எனத் தரப்பட்டால், அவற்றின் கூடுதலான 109°-ஐக் கழித்த மாத்திரத்தில் 71° கிடைத்துவிடும். இங்கே வேறு வழியைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பக்கம் நீட்டப்பட்டு, அங்கே உருவாகும் வெளிக்கோணம் 118° என்றும், உள்ளெதிர்க் கோணங்களுள் (அந்த வெளிக்கோணத்துக்கு அடுத்து அமையாத இரு உட்கோணங்களுள்) ஒன்று 47° என்றும் தரப்பட்டால், முதல் வழியில் 118°-ஐ 180°-இலிருந்து கழித்து அடுத்துள்ள உட்கோணம் 62° எனக் கண்ட பின்னரே மேலே செல்ல முடியும். மாறாக, வெளிக்கோணம் இரு உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம் என்னும் வெளிக்கோணத் தேற்றத்தைப் பயன்படுத்தினால், 118°-இலிருந்து 47°-ஐக் கழிக்கும் ஒரே படியில் அதே 71° வந்துவிடுகிறது. படிகள் குறையும்போது கழித்தலில் பிழை நேரும் வாய்ப்பும் குறைகிறது என்பதால், நீட்டிய பக்கம் படத்தில் இருந்தால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

இத்தேற்றமும் 180° பண்பிலிருந்து பெறப்படுவதுதான் என்பதால், விடையைச் சரிபார்க்க முதல் வழி கைகொடுக்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: வெளிக்கோணத்துக்கு அடுத்துள்ள உட்கோணத்தை உள்ளெதிர்க் கோணமாக எண்ணிக் கழித்துவிட்டால், 118° − 62° = 56° என்னும் பிழையான விடையே மிஞ்சும்.