மாப்பிள்ளையின் ஸ்விஃப்டும் கணபதி லேத் பட்டறையும்

பொங்கலுக்கு ஜெர்மனியிலிருந்து கோவை போய் வந்ததைப் பற்றி எழுதச் சொன்னவர்கள் ஏர்போர்ட், ஆதார், பேங்க் என்று எதையாவது எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் ஒழுங்காக நடந்தது, விடுங்கள். நான் எழுத வந்தது டயர் கடையைப் பற்றி.

தங்கை வீட்டுக்காரர் மாருதி ஸ்விஃப்ட் காரில் விஎக்ஸ்ஐ மாடல் வைத்திருக்கிறார். கம்பெனி போட்டுக் கொடுத்தது 14 இஞ்ச் இரும்பு வீல், 165/80 ஆர்14 டயர். டயர் மொட்டையாகிவிட்டது, அதோடு வீலையும் மாற்றிவிடலாம் என்று நான் போய் இறங்குவதற்கு முன்பே 15 இஞ்ச் அலாய் வீல் நான்கை வாங்கித் திண்ணையில் அடுக்கி வைத்திருந்தார். "மச்சான், நீங்க ஜெர்மனில இருக்கறீங்க, டயர் மட்டும் பாத்துச் சொல்லிருங்க" என்றார். ஜெர்மனியில் இருப்பவனுக்கெல்லாம் கார் தெரியும் என்பது ஊரில் மாறாத நம்பிக்கை. நான் பென்ஸ் கார் செய்யும் ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பதால் எனக்கு அந்த மரியாதை இரட்டிப்பு.

அப்பாவின் அம்பாசிடர் காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. 5.90-15 என்று சொன்னால் கடைக்காரர் உள்ளே போய் எடுத்து வருவார், டியூபோடு. தேய்ந்தால் ரீட்ரேட். எது வாங்குவது என்பதைக் கடையில் எது இருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். இப்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏசி போட்ட ஷோரூம், கம்ப்யூட்டர் அலைன்மென்ட், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து குடிக்க டீ. பரவாயில்லையே என்று உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்த தம்பி அலாயைப் பார்த்தான், காரைப் பார்த்தான், யோசிக்கவே இல்லை. "இருநூத்தியஞ்சு அறுபத்தஞ்சு போட்டுக்கலாமுங்கண்ணா. கெத்தா இருக்கும். இன்னோவாவுக்குப் போடறதுங்க, ஸ்ட்ராங்கு."

பழைய இன்னோவாவின் சைஸ்தான் 205/65 ஆர்15. டாக்சிக்காரர்கள் வாங்குவதால் எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கும். அதை ஏன் ஸ்விஃப்ட்டுக்குத் தள்ளுகிறான் என்பது அங்கேயே புரிந்துவிட்டது.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது வீலின் இஞ்ச். பழைய 165/80 ஆர்14இன் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. இவன் சொன்ன இன்னோவா டயர் 647. நாலரை சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டினால் வண்டி 104, 105இல் போய்க்கொண்டிருக்கும். குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள் மட்கார்டில் உரசவும் வாய்ப்பு உண்டு. அதே ஸ்விஃப்டின் விலை கூடின மாடலில் கம்பெனியே போடுவது 185/65 ஆர்15, விட்டம் 621 சொச்சம். வித்தியாசம் இரண்டு மி.மீ.கூட வராது. லோடு எண்ணும் 85இலிருந்து 88க்கு ஏறுகிறது, அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோவிலிருந்து 560 கிலோ. இதைவிட வேறென்ன வேண்டும்? வண்டியைக் கம்பெனி விவரத்துக்கு மாறாக மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் சொன்னது பற்றியெல்லாம் கவுன்டரில் யாருக்கும் கவலையில்லை. இன்சூரன்ஸ்காரன் ஒருநாள் கவலைப்படுவான்.

ஜெர்மனியில் இந்த வாக்குவாதமே நடக்காது. வெளி அலாய் வாங்கினால் கூடவே ஒரு அனுமதித் தாள் வரும், எந்தக் காருக்கு எந்த டயர் சைஸ் என்று அதில் அச்சடித்திருக்கும், அதற்கு வெளியே போனால் ட்யூஃப் என்ற வாகனச் சோதனை அமைப்பின் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். எரிச்சல் பிடித்த நடைமுறை, ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டுதான் போவேன். கோவைக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தாள்மீது எனக்குத் திடீரென்று பாசம் வந்தது.

அப்புறம் பிராண்ட். எம்ஆர்எஃப்தான் ஓடும் என்று மாப்பிள்ளை, அது சத்தம் போடும் என்று அவர் நண்பர், மிச்செலின்தான் மெத்தென்று இருக்கும் என்று போனில் இன்னொருவர். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு வைத்த பிறகு வெளிநாட்டு பிராண்ட்களில் எல்லா சைஸும் நினைத்தபோது கிடைப்பதில்லை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: தேதி காட்டுங்கள். "புது ஸ்டாக்குங்கண்ணா, நேத்துத்தான் வந்துது." கடைக்கு நேற்று வந்திருக்கலாம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் 3222. 2022ஆம் வருஷத்து 32ஆவது வாரம். மூன்று வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்த டயரை பில்லில் புது விலைக்குப் போடுகிறான். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆனதையும் நானே ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கடைசியில் நான்கும் ஒரே மாதத்தில் தயாரானவையாக அப்பல்லோ டயரில்தான் இருந்தது, எடுத்துக்கொண்டோம். பிராண்ட் சண்டை அதோடு தீர்ந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். வீலை மாட்டப் போனபோது நடுத்துளை லொடலொடவென்று ஆடியது. ஸ்விஃப்டின் ஹப், அதாவது வீல் போய் உட்காரும் நடுக் குமிழ், 54.1 மி.மீ. பல காருக்கும் பொருந்தட்டும் என்று அலாய்க்காரன் துளையை 73.1 வைத்திருக்கிறான். நான்கு நட்டும் 100 மி.மீ. வட்டத்தில் கச்சிதமாக உட்காரும், அதனால் கடையில் யாருக்கும் இது பிரச்சினையாகவே தெரியவில்லை. அந்த இடைவெளியை அடைக்க நடுவில் ஒரு வளையம் வேண்டும், இல்லாவிட்டால் வீலை நடுவில் நிறுத்துவது நட்டின் வேலை மட்டும்தான், நூல் பிசகினாலும் எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் உதறும். "டைட் பண்ணுனா சரியாயிருங்கண்ணா" என்றான் தம்பி. வளையம் இருக்கிறதா? இல்லை. எங்கே கிடைக்கும்? ஆன்லைனில் பாருங்க.

பின்னால் டயர் ஏற்றும் மெஷினில் இருந்த பெரியவர்தான் லீவரைக் கீழே வைத்துவிட்டு வந்து சொன்னார்: "கணபதில லேத்துல குடுத்தா கடைஞ்சு தருவாங்க, ஒரு மணி நேர வேலைங்க."

பழைய வீலிலேயே காரை ஓட்டிக்கொண்டு, அலாயை டிக்கியில் போட்டுக்கொண்டு கணபதி ஏரியாவுக்குப் போனோம். தகர ஷெட், உலோகம் கடையும் லேத்து இரண்டு, கட்டிங் ஆயில் வாசனை. பட்டறைக்காரர் வரைபடம் கேட்கவில்லை, அளவும் கேட்கவில்லை. நான் 54.1 என்று சொன்னதைக் காதில் வாங்கியதாகவும் தெரியவில்லை. ஒரு வீலைக் கழற்றச் சொல்லி, ஹப்பை எமரித் தாளால் தேய்த்தார். "துருவ எடுத்துட்டுத்தானுங்க அளக்கோணும்." வெர்னியர் அளவுகோலை வைத்து ஒரு அளவு, கொஞ்சம் திருப்பி இன்னொன்று, மறுபடி ஒன்று. சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே எழுதிக்கொண்டார். அப்புறம் அலுமினிய ராடைப் பிடித்துக் கடைய ஆரம்பித்தார், பிசிறு சுருள் சுருளாக விழுகிறது. முதல் வளையத்தை மட்டும் அறுத்து எடுத்து ஹப்பில் போட்டுப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போய் உட்காரவில்லை, கடைசியில் ஒரு மயிரிழை நின்றது. ஹப்பின் அடியில் சின்ன வளைவு இருக்கிறது, அதனால் வளையத்தின் உள் விளிம்பைச் சாய்வாகச் சீவவேண்டும். சீவிக்கொண்டு வந்தார், உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் டைட்டாக வைக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். "வெக்கலாமுங்க. நாளைக்கு வழில பங்ச்சர்னா வீலு கழண்டு வராது, பாத்துக்குங்க." அதற்குப் பிறகுதான் மற்ற மூன்றையும் கடைந்தார். லேசாக கிரீஸ் தடவி மாட்டச் சொன்னார். மொத்தம் 800 ரூபாய், மாப்பிள்ளை பேரம் பேச வாயெடுத்தபோது நான் காலை மிதித்தேன்.

நான் வேலை பார்க்கும் ஊரைச் சுற்றி மெஷின் டூல் கம்பெனிகளுக்குக் குறைச்சலில்லை. ஆனால் தெருவில் ஒரு பட்டறைக்குள் நுழைந்து, வீலைக் காட்டி, ஒரு வளையம் கடைந்து கொடுங்கள் என்றால் அனுமதி நம்பர் கேட்பார்கள், அல்லது அடுத்த மாதம் வரச் சொல்வார்கள். இத்தனை கைத்திறனை வைத்துக்கொண்டு டயர் கடைக் கவுன்டரில் மட்டும் ஏன் இன்னோவா டயரைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்தப் பெரியவரைக் கவுன்டரில் உட்கார வைத்தால் போதாதா?

திரும்பப் போய் டயர் ஏற்றி, பேலன்ஸ் பார்த்து, காற்றுக்குப் பதில் நைட்ரஜன் வேண்டாம் என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகச் சொல்லி, அலைன்மென்ட் முடித்து அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். எண்பதில் உதறவில்லை, நூறிலும் உதறவில்லை. கடையில் நட்டை ஏர் கன் வைத்து முடுக்கியதால் நூறு கிலோமீட்டர் ஓடினதும் முடுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஃபிளைட் ஏறினேன். போன வாரம் வாட்ஸப்பில் கேட்டேன். "டைட்டாத்தான் இருக்கு மச்சான்" என்று வந்தது. ரெஞ்ச் வைத்துப் பார்த்தீர்களா மாப்பிள்ளை என்று கேட்டதற்கு இதுவரை ப்ளூ டிக் மட்டும் விழுந்திருக்கிறது.