உப்புக் காற்றில் பேக்கப்: ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

கீழக்கரையில் கல்யாண வீடியோ எடுப்பவருக்கும், மண்டபம் ஊரில் வீட்டுக் கம்ப்யூட்டரில் பிள்ளைகளின் படங்களும் பத்திர நகல்களும் வைத்திருப்பவருக்கும் பேக்கப்பில், அதாவது ஃபைல்களுக்கு உபரிப் பிரதி எடுத்து வைப்பதில், தேவை ஒன்றல்ல. ஆனால் கடைக்குப் போனால் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எஸ்எஸ்டி வாங்குங்க, ஸ்பீடா இருக்கும்."

ஸ்பீடு உண்மைதான். ஹார்டு டிஸ்க் சுழலும் தட்டில் எழுதும், எஸ்எஸ்டி அசையும் பாகமே இல்லாமல் சிப்பில் எழுதும். கையடக்க ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 120 எம்பி எழுதும். 1 டிபி நிரம்ப இரண்டரை மணி நேரம் பக்கம் ஆகும். சாம்சங் டி7 போன்ற எஸ்எஸ்டி 1,000 எம்பி வரை போகும். ஆனால் அதற்குக் கம்ப்யூட்டரின் போர்ட்டும் ஒத்துழைக்க வேண்டும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் இரண்டுமே 40 எம்பிக்குள்தான். அதோடு, பேக்கப்பில் முதல் தடவைதான் பெரிய வேலை. அப்புறம் மாறிய ஃபைல்கள் மட்டும் போகும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்குகிறவர் வேகத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

ஹார்டு டிஸ்க்குக்கு ஆகாதது அடி. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் கதை முடிந்தது. ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் பையில் போட்டு பஸ்ஸில் அலைகிறவர் யோசிக்காமல் எஸ்எஸ்டி வாங்கலாம். டி7 ஷீல்டு என்றால் தூசிக்கும் தண்ணீர்ப் பீய்ச்சலுக்கும் ஐபி65 தரமும் உண்டு.

அந்தத் தரத்தை நம்பி உப்பை மறந்துவிடக் கூடாது. போர்ட்டுக்குள் இருக்கும் உலோக முனைகள் காற்றுக்குத் திறந்தவைதான். களிம்பேறினால் டிரைவ் ஒரு நிமிடம் தெரியும், மறு நிமிடம் காணாமல் போகும். கேபிளை ஆட்டிப் பிடித்தால் திரும்ப வரும். இங்கேதான் பிராண்டுக்குப் பிராண்டு வித்தியாசம். சீகேட்டின் கையடக்க மாடல்கள் பலவற்றில் உள்ளே இருப்பது லேப்டாப்புக்குள் மாட்டும் வகை சாதாரண சாட்டா டிஸ்க். யுஎஸ்பி முனை தனியாகக் கழற்றக்கூடிய சின்ன போர்டில் இருக்கும். போர்ட் கெட்டாலும் டிஸ்க்கை வேறு கேஸில் மாட்டிப் படித்துவிடலாம். டபிள்யூடியின் (வெஸ்டர்ன் டிஜிட்டல்) எலிமென்ட்ஸ், மை பாஸ்போர்ட் மாடல்கள் பலவற்றில் அந்த முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். சால்டரிங் கைவந்தவரைத் தேட வேண்டும். கரையோர வீட்டுக்கு என் ஓட்டு சீகேட்டுக்கு, இந்த ஒரே காரணத்துக்காக.

பீரோவில் வருஷக்கணக்கில் பூட்டிவைக்கவும் எஸ்எஸ்டி தோதுப்படாது. மின்சாரமே படாமல், அதுவும் நம் வெயிலில் கிடந்தால் சிப்பில் இருக்கும் சார்ஜ் மெல்லக் கசியும்.

ஆக, வீட்டு பேக்கப் என்றால், ஒரு எஸ்எஸ்டிக்கு ஒதுக்கிய காசில் இரண்டு ஹார்டு டிஸ்க் பாருங்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று பரமக்குடியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போன கரை இது. இரண்டு பிரதியையும் ஒரே அலமாரியில் வைப்பது பாதி பேக்கப்தான்.

வைக்கிற டப்பா காற்றுப் புகாததாக இருக்கட்டும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்குக் கொண்டுவந்த டிரைவை உடனே செருகாதீர்கள், ஜில்லென்ற உலோகத்தில் ஈரம் வேர்த்திருக்கும். அகலமான மைக்ரோ-பி முனை உள்ள மாடல் என்றால் உபரிக் கேபிள் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள். டைப்-சி மாதிரி அது எல்லா மொபைல் கடையிலும் தொங்காது.