ஃபாரன்சிக் சைக்காலஜி ‘ஆஸ்திரேலியப் பட்டம்’: ராமநாதபுரத்தில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மொத்தம் 85,000 ரூபாய் போச்சு. முதல் தவணை அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தது. இரண்டாவது, அப்பா தடைக்காலத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. எங்கள் வீடு மண்டபத்தில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த இரண்டு மாதச் சோற்றுக் காசைத்தான் நான் கொண்டுபோய் ஒருத்தன் மேசையில் எண்ணி வைத்துவிட்டு வந்தேன்.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 மனநோயாளிகள் எரிந்து செத்தார்கள். நான் அப்போது பிறக்கவில்லை, ஆனால் அந்தக் கதையை அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். மனநோய் உள்ளவர் குற்றம் செய்தால் அவரை என்ன செய்வது, சிறைக்குள் ஒருவருக்கு மனம் கெட்டால் யார் பார்ப்பது, தன் மேல் நடக்கும் விசாரணை புரிகிற நிலையில் அவர் இருக்கிறாரா என்று யார் சொல்வது, இதையெல்லாம் படிக்கவே ஃபாரன்சிக் சைக்காலஜி என்று ஒரு துறை இருக்கிறது என்று பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடத்தில்தான் தெரிந்தது. ஆசை பிடித்துக்கொண்டது.

ராமநாதபுரம் டவுனில் ஒரு மாடியில் கன்சல்டன்சி. பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. “தங்கச்சி, ஆஸ்திரேலியா யூனிவர்சிட்டி, ஆன்லைன்ல ஒரு வருஷம், முடிச்சதும் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டிக்கலாம், ஜெயில்ல வேலை இருக்கு” என்றார். அப்பாவைப் பார்த்து “அண்ணே, ரெண்டு சீட்டுதான் மிச்சம்” என்றார். அப்பா மீன் ஏலத்தில் எத்தனையோ பேரிடம் பேரம் பேசியவர், இங்கே வாயே திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்.

வந்தது என்ன தெரியுமா? வாட்ஸ்அப்பில் பிடிஎஃப். பாதி அமெரிக்கத் தொடர் கொலைகாரர்கள் கதை, மீதி ‘கண்ணைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி’. சட்டப் பகுதியில், மனநிலை சரியில்லாமல் தான் செய்வது புரியாதவர் செய்தது குற்றமாகாது என்று சொல்லும் பிரிவை இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவு என்று போட்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. ஒருவர் மறுபடி வன்முறையில் இறங்கும் அபாயத்தை மதிப்பிட ஹெச்சிஆர்-20 என்று 20 அம்சங்கள் கொண்ட ஒரு முறை இருக்கிறது, இந்தத் துறையில் அது அரிச்சுவடி மாதிரி. பிடிஎஃப் முழுக்கத் தேடினேன், ஒரு இடத்திலும் இல்லை. அப்புறம் கூகுள் ஃபார்மில் 50 கேள்விக்குப் பரீட்சை, கூரியரில் சான்றிதழ்.

சந்தேகம் வந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டேன். அந்தப் பெயரில் எங்களிடம் மாணவர் யாரும் இல்லை என்று நாலாம் நாள் பதில் வந்தது. இதைப் பணம் கட்டும் முன்பே செய்திருக்கலாம், செய்யவில்லை. என்னுடைய மடத்தனம்தான்.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட முதுநிலைப் படிப்புகள் ஆஸ்திரேலியாவில் உண்மையாகவே இருக்கின்றன, நல்ல படிப்புகள்தான். போலீஸ், செவிலியர், சிறை ஊழியர், வக்கீல் எல்லாம் படிக்கிறார்கள். ஆனால் அசலான பட்டமே கையில் இருந்தாலும் அதை வைத்து இங்கே மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிகல் சைக்காலஜிஸ்ட், ஆக முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தையே எடுத்துப் பாருங்கள், இந்திய மறுவாழ்வுக் குழுமம், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்புதான் அதற்கு வேண்டும். அப்புறம் ஆர்சிஐ பதிவு எண். அந்த ஆள் எனக்கு விற்றதே இல்லாத வேலையைத்தான். அங்கீகாரமில்லாத வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து ஆன்லைனில் பட்டம் தருகிறவர்களை நம்ப வேண்டாம் என்று யுஜிசி 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. இந்தியாவிலேயே படிக்க நினைத்தால் காந்திநகரில் தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2020இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு உருவாக்கியது, அங்கே ஃபாரன்சிக் சைக்காலஜி இருக்கிறது. கடன் அடையட்டும், எனக்கும் அங்கேதான் கண்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு “சர்டிஃபிகேட் வந்திருச்சுல்ல தங்கச்சி, அப்புறம் என்ன?” என்றார். அதன்பின் போன் எடுக்கவில்லை. 1915க்கு, அதுதான் நுகர்வோர் உதவி எண், போன் செய்து பதிவு செய்தேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் கூட வைக்கவில்லை, நானே எழுதினேன்.

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் இதே மாதிரி கட்டியவர்கள் இருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். என்னிடம் இருப்பது வெள்ளைத் தாளில் கையால் எழுதிக்கொடுத்த ரசீது, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கூட இல்லை. உங்களுடையதில் ஸ்டாம்ப் இருந்தால் தயவுசெய்து எனக்கு மெசேஜ் செய்யுங்கள்.