எண்டோ ஹெச், பிஎன்ஜிஏஸ் எஃப் இரட்டை நொதித் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

ஒரு புரதத்தின் மீதுள்ள சர்க்கரைச் சங்கிலியைச் செல் எந்தக் கட்டம் வரை மாற்றியமைத்திருக்கிறது என்பதை ஒரே ஜெல்லில் (புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் கூழ்த்தகடு) காட்டுவதற்காக, அச்சங்கிலியை வெட்டும் இரு நொதிகளோடு விற்கப்படும் இந்தத் தொகுப்பு, அந்த வேலையை நம்பகமாகச் செய்கிறது. என் குறையெல்லாம் உடன்வரும் கையேட்டைப் பற்றியதே.

செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையில், புரதத்திலுள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஏற்றப்படும் சங்கிலியில் 3 குளுக்கோஸ், 9 மேனோஸ், 2 என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என 14 சர்க்கரைகள் உள்ளன. குளுக்கோஸ் மூன்றும் அங்கேயே நீக்கப்படுகின்றன. பிறகு, புரதம் அடுத்துச் செல்லும் கோல்கை உறுப்பில் மேனோஸ்கள் மேலும் குறைக்கப்பட்டு, கேலக்டோஸும் சயாலிக் அமிலமும் சேர்க்கப்படுகின்றன. மேனோஸ் மிகுந்த சங்கிலியை எண்டோ ஹெச் வெட்டும். கோல்கையிலுள்ள மேனோசிடேஸ் 2 என்ற நொதி இரண்டு மேனோஸ்களை நீக்கிய பிறகு அதே சங்கிலியை அதனால் தொட முடியாது. பிஎன்ஜிஏஸ் எஃப் இரு வகையையும் அஸ்பரஜினோடு சேரும் இடத்திலேயே அறுத்துவிடும். எனவே, பிஎன்ஜிஏஸ் எஃப் இட்ட மாதிரியில் மட்டும் புரதத்தின் பட்டை, சங்கிலியை இழந்து எடை குறைந்ததால், ஜெல்லில் கீழிறங்கினால், அந்தச் சங்கிலி கோல்கையில் பதப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

எண்டோ ஹெச் வெட்டினால் புரதம் எண்டோபிளாச வலையிலேயே இருக்கிறது என்று கையேடு அறுதியிட்டுச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தொகுப்போடு வரும் ஒப்பீட்டுப் புரதமான ரைபோநியூக்ளியேஸ் பி, கணையம் சுரந்து வெளியேற்றும் புரதம். கோல்கையைக் கடந்து வந்தும் அதன் சங்கிலி மேனோஸ் மிகுந்ததாகவே இருக்கிறது. சுமார் 17 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) நின்ற அதன் பட்டை இரு நொதிகளாலும் 14-க்கு அருகே தெளிவாக இறங்கியது. நொதிகள் இயங்குகின்றன என்பதற்கு அது சான்று. எண்டோ ஹெச்சின் தேர்ந்து வெட்டும் திறனுக்குச் சான்றாகாது. அதற்கு, கோல்கையில் பதப்பட்ட சிக்கலான சங்கிலிகளைக் கொண்ட ஃபெட்டுயின் என்ற புரதத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

செய்முறை எளிது. புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பைச் சேர்த்து 100 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கியபின், அயனியற்ற சோப்புக் கரைசலைச் சேர்க்காமல் விட்டால் எஸ்டிஎஸ் பிஎன்ஜிஏஸ் எஃப்பை முடக்கிவிடும். கையேடு இதை அழுத்தமாக எச்சரிப்பது நன்று. கூமாசி சாயமிட்டால் 36 கிலோடால்டனில் தெரியும் கூடுதல் பட்டை பிஎன்ஜிஏஸ் எஃப்பினுடையது என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தாவரப் புரதங்களை ஆராய்வோர் இதை வாங்க வேண்டாம். சங்கிலியின் அடிப்பகுதியில் ஆல்ஃபா 1,3 பிணைப்பில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை இருந்தால் பிஎன்ஜிஏஸ் எஃப் வெட்டாது; அவர்களுக்குப் பிஎன்ஜிஏஸ் ஏ என்ற வேறு நொதிதான் தேவை.