கரூசோ முழுத் தொகுப்பு: இரைச்சலோடு வாங்குவதே லாபம்

இத்தாலிய ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோவின் குரலுக்குப் பணம் செலவழிக்க நினைப்பவர்கள் நாக்ஸோஸ் இசை நிறுவனம் வெளியிட்ட 12 சிடி வரிசையைத் தேடிப் பிடிக்கலாம். பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒலியை எடுத்துக் கொடுத்தவர் வார்ட் மார்ஸ்டன். அவருடைய கைவேலை வேகத்தில்தான் தெரிகிறது. அந்தக் காலத் தட்டுகளை, நிமிடத்துக்கு 78 சுற்று என்ற கணக்கில், பொதுவாக 78 என்போம். ஆனால் பல தட்டுகள் அதைவிட மெதுவாகச் சுழலும்போது பதிந்தவை. 78-லேயே ஓட்டினால், 6 சதவீத வித்தியாசத்துக்கே சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். கனத்த குரல் மெலிந்து படபடக்கும். மலிவுப் பதிப்புகளில் அடிக்கடி மாட்டும் கோளாறு இது. இங்கே பாட்டுக்குப் பாட்டு சுருதி பார்த்து வேகத்தைத் திருத்தியிருக்கிறார்.

முதல் தொகுதி 1902–1903. மிலான் ஓட்டல் அறையில் 1902 ஏப்ரலில் பதிந்த 10 பாட்டுகளும் இதில் உண்டு. துணைக்குப் பியானோ மட்டும். மைக் வராத காலம், ஒலியைக் குவிக்கும் கூம்புக்குள் பாடி மெழுகில் பதிந்தது. அதனால் 'ஸ' போன்ற உரசல் ஒலிகள் பாதிக்கு மேல் காணோம். இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்புகளில் மிச்சமிருந்ததும் போய், கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். மார்ஸ்டன் இரைச்சலை ஓரளவு விட்டுவைத்திருக்கிறார். ஹெட்போனில் உறுத்தும், ஸ்பீக்கரில் ட்ரெபிளை (உச்ச ஒலிகளை) சற்றே குறைத்தால் சரியாகிவிடும்.

புது ஆர்கெஸ்ட்ராவை மேலே ஒட்டி விற்ற பதிப்புகள் வேண்டவே வேண்டாம். பழைய வாத்தியங்களை வடிகட்டும்போது குரலின் சதையும் சேர்ந்து போகிறது.

12-ம் வாங்குவதற்கு முன் 'பல்யாச்சி' ஓபராவின் 'வெஸ்தி லா ஜுப்பா'வை 1902, 1904, 1907 பதிவுகளில் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் பியானோவோடு; 1907-ல் ஆர்கெஸ்ட்ரா. 1909-ல் குரல்நாணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு வந்த தட்டுகளில் குரல் கறுத்து, பாரிடோன் (டெனரைவிடத் தாழ்ந்த ஆண்குரல்) பக்கம் சாய்கிறது. அந்தக் கனத்தின் உச்சம், 1920 செப்டம்பரில் அமெரிக்காவின் காம்டனில் பதிந்த 'லா ஜுயிவ்' ஓபராவின் ஆரியா (தனிப்பாட்டு). அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் அவர் கடைசியாக மேடையேறியதும் இந்த ஓபராவில்தான். 1921 ஆகஸ்டில் 48 வயதில் போய்விட்டார்.

கூட்டுப் பாட்டுகளில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'லூசியா' ஓபராவின் அறுவர் பாட்டில் ஆறு பேரும் ஒரே கூம்பின் முன் நெருக்கியடித்துப் பாடியிருக்கிறார்கள். யார் எதைப் பாடுகிறார் என்று பிரிப்பது கஷ்டம். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடம்தான் கிட்டத்தட்ட அடங்கும், ஆகவே சில ஆரியாக்களில் வெட்டும் அவசரமும் தெரியும். அதற்கு மார்ஸ்டன் என்ன செய்வார்?